குறட்டையைக் கேளுங்க டாக்டர்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை நிறுத்தவோ, கடைக்கு ஓடிப்போய் மெஷின் வாங்கவோ வேண்டாம். இது ஒரு சண்டைப் பதிவு, அவ்ளோதான். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

நேரா விஷயத்துக்கு வர்றேன். நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தர்கிட்ட, "ராத்திரி குறட்டை விடுவீங்களா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்டுல யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காம வீட்டுக்கு அனுப்பறது அரைகுறை வைத்தியம். இதுதான் என் கட்சி. கீழ இருக்கறதெல்லாம் இதுக்கான வக்காலத்து.

விஷயம் தெரியாதவங்களுக்காக ரெண்டு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

காலிலோ தொடையிலோ ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது பிய்த்துக்கொண்டு மேலே வந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்தால் அதற்குப் பெயர் பல்மனரி எம்பாலிசம். திடீர்னு மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும், சிலருக்கு இருமினா ரத்தம் வரும், சிலர் மயங்கி விழுவாங்க, சிலர் எந்திரிக்கறதே இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் ரெண்டுக்கும் அடுத்தபடியா ரத்தநாள வியாதிகள்ல மூணாவது இடம் இந்தக் கட்டிகளுக்குத்தான். சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துக் கண்டுபிடிப்பாங்க. ஹெப்பாரின் ஊசி போடுவாங்க. அப்புறம் வார்ஃபரினோ, அசிட்ரோமோ, புதுசா வந்த ரிவராக்சபான், அபிக்சபான் மாதிரி மாத்திரையோ, குறைஞ்சது 3 மாசம்.

ஸ்லீப் ஆப்னியா வேற சமாச்சாரம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். மார்பு மேலும் கீழும் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் அரைகுறையாக எழுப்பிவிடும். ஒரு பெரிய உறுமலோட மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. குறைஞ்சது 10 விநாடி மூச்சு நின்னா அதை ஒரு தடவைன்னு எண்ணுவாங்க. முழுசா நிக்காம பாதி அடைச்சு ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்குல சேரும். மணிக்கு 5லிருந்து 15 வரை லேசு, 15லிருந்து 30 வரை நடுத்தரம், 30க்கு மேல கடுமை. மணிக்கு 30 தடவைன்னா 7 மணி நேரத் தூக்கத்துல 210 தடவை. 210 தடவை ஒருத்தன் கழுத்தை நெரிச்சு விட்டா போலீஸ்ல புகார் குடுப்போம். இதை மட்டும் "நல்லா அசந்து தூங்கறார் பாரு, கும்பகர்ணன்"னு சொல்லிச் சிரிக்கறோம்.

இப்ப சண்டைக்கு வரலாம்.

"காரணம் தெரியவில்லை"ன்னு ஒரு முத்திரை

நுரையீரல் ரத்தக்கட்டியை டாக்டர்கள் ரெண்டு கூடையில போடுவாங்க. ஆபரேஷன், கால்ல மாவுக்கட்டு, புற்றுநோய், பிரசவம், கருத்தடை மாத்திரைன்னு ஏதாவது ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சா "தூண்டப்பட்டது". ஒண்ணும் தெரியலைன்னா "தூண்டப்படாதது", அதாவது தானா வந்தது. இந்த ரெண்டாவது கூடைதான் வம்பு. ஏன்னா மாத்திரையை நிறுத்தினா மறுபடி வர்ற வாய்ப்பு இதுலதான் அதிகம். 2019ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, தூண்டப்படாத கட்டி வந்தவங்க மருந்தை நிறுத்தினா முதல் வருஷத்துல சுமார் 10 சதவீதம் பேருக்கும், 5 வருஷத்துல சுமார் 25 சதவீதம் பேருக்கும், 10 வருஷத்துல சுமார் 36 சதவீதம் பேருக்கும் திரும்ப வருதுன்னு கணக்குச் சொல்லுது. மூணுல ஒருத்தருக்கு மேல!

இவ்வளவு பெரிய விஷயத்துல "காரணம் தெரியல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி எவ்வளவு தேடணும்?

எங்க சித்தப்பாவுக்கு இது நடந்தப்போ ஃபைல் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் நான். பெரிய ஆஸ்பத்திரிதான், பேர் வேண்டாம். ரத்தம் உறையற தன்மையைப் பார்க்க ஒரு பட்டியல் டெஸ்ட் எழுதினாங்க: புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், ஃபேக்டர் ஃபைவ் லைடன், இன்னும் என்னென்னமோ. பில்லைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கிச்சு. ரவுண்ட்ஸ் வந்த டியூட்டி டாக்டர்கிட்ட சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னாங்க: "சார், இவரு தூங்கும்போது மூச்சு நின்னு போயிடுது சார். நான் ராத்திரியில பயந்துபோய் தட்டி எழுப்புவேன்." அவர் சிரிச்சுட்டு, "குறட்டைதானேம்மா, வெயிட்டைக் குறைக்கச் சொல்லுங்க"ன்னு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி 4 பக்கம். தூக்கம்ங்கற வார்த்தை எங்கயும் இல்லை. காரணம்னு இருக்கற இடத்துல "தெரியவில்லை".

தெரியாதுன்னு சொல்றதுல தப்பில்லை. சாட்சி பக்கத்துல நின்னு வாக்குமூலம் குடுக்கறப்போ காதைப் பொத்திக்கிட்டு "சாட்சி இல்லை"ன்னு எழுதறதுதான் தப்பு.

அந்த டெஸ்ட் பட்டியலைப் பத்தியும் சொல்லிடறேன். புரோட்டீன் சி, எஸ் ரெண்டும் வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும்போது குறைவாத்தான் காட்டும். கட்டி வந்த சூட்டோட எடுத்தாலும் ஏமாத்தும். ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்ககிட்ட சகஜம், நம்ம ஆசியப் பக்கம் அரிது. பெரும்பாலானவங்களுக்கு இந்த ரிசல்ட் எதுவா இருந்தாலும் வைத்தியம் மாறப்போறதில்லை. அதுக்குக் கேள்வி கேக்காம ஆயிரக்கணக்குல செலவு பண்ணலாம். காசே ஆகாத ஒரு கேள்வியைக் கேக்க மட்டும் "சான்று போதலை"யாம்!

தொடர்பு எங்க இருக்கு?

ருடால்ஃப் விர்க்கோன்னு ஒரு ஜெர்மன் டாக்டர். எம்பாலிசம்ங்கற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 19ஆம் நூற்றாண்டுக்காரர். ரத்தம் ஏன் குழாய்க்குள்ளயே உறையுதுன்னு விளக்க இன்னிக்கும் மருத்துவ மாணவர்கள் அவர் பேர்ல மூணு காரணம் ஒப்பிப்பாங்க: ஓட்டம் மந்தமாகறது, குழாயோட உள்சுவர் கெடறது, ரத்தமே உறையத் துடிக்கற நிலைக்குப் போறது. இந்த மூணையும் வச்சு ஸ்லீப் ஆப்னியாவைப் பாருங்க.

உள்சுவர்: ஆக்சிஜன் இறங்கி ஏறி இறங்கி ஏறி, ராத்திரி பூரா ஊஞ்சல். இது ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களுக்குக் கெடுதல், அழற்சியைக் கிளப்புகிறது.

உறையும் தன்மை: ஆப்னியா உள்ளவர்களிடம் ஃபைப்ரினோஜன் கூடுதலாக இருப்பதும், தட்டணுக்கள் சீக்கிரம் கிளர்வதும், உறைந்ததைக் கரைக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடு மந்தமாவதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கு.

ஓட்டம்: மூடின தொண்டைக்கு எதிரா மூச்சிழுக்கும்போது மார்புக்குள்ள அழுத்தம் தாறுமாறா மாறும், இதயத்துக்கு ரத்தம் திரும்பற கதி குழம்பும். பகல்ல தூங்கி வழியற ஆள் நடக்கவும் மாட்டார், உக்காந்த இடத்துலயே இருப்பார். கால்ல ரத்தம் தேங்க வேற என்ன வேணும்?

இது தத்துவம் மட்டும்தானான்னு கேப்பீங்க. தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2012ல் வந்த ஆய்வில், ஆப்னியா உள்ளவர்களுக்கு ஆழ்சிரை ரத்தக்கட்டி வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு. ஸ்பெயின் நாட்டு மயோர்கா தீவு டாக்டர்கள் 2013ல் நுரையீரல் கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் தூக்கப் பரிசோதனை செய்து ஒப்பிட்டார்கள். வயது, எடை இதெல்லாம் கழித்த பிறகும் தொடர்பு நின்றது. அதே குழு 2016ல் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்தினவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஆப்னியா உள்ளவர்களுக்கு நுரையீரல் கட்டி திரும்ப வருவது கூடுதல் என்று எழுதியது.

எதிர்க்கட்சி வாதம்

எதிர்க்கட்சிக்காரங்க முட்டாள் இல்லை. அவங்க வாதத்தை வரிசையா எடுத்துக்கறேன்.

ஒண்ணு: "எல்லாம் தொப்பைதான்யா. குண்டா இருக்கறவனுக்குக் கட்டியும் வரும், குறட்டையும் வரும். ரெண்டுக்கும் நேர்த் தொடர்பு இல்லை."

இதுல பாதி உண்மை. தைவான் மாதிரி காப்பீட்டுப் பதிவுகள்ல ஒருத்தரோட எடை இருக்காது, அதனால அந்த 3 மடங்குல எடையோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. மயோர்கா ஆய்வுல எடையைக் கழிச்சாங்க, ஆனா ஆளு கம்மி. சரி, ஒத்துக்கறேன். வாதத்துக்காக நேர்த் தொடர்பு சுத்தமா இல்லைன்னே வச்சுக்கலாம். அப்பவும் என் கட்சி தோக்கலை. ஒரு கூட்டத்துல ஒரு வியாதி அதிகமா இருக்குன்னா, அது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் தேடணும்னு சட்டமா? குளத்துல மீன் நிறைய இருக்குன்னா வலை போடலாம். மீன் எப்படி வந்துச்சுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ரெண்டு: "கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போறீங்க? சிபாப் மெஷின் போட்டா கட்டி திரும்ப வராதுன்னு நிரூபணம் இருக்கா?"

நல்ல கேள்வி. சிபாப்னா மூக்குல மாஸ்க் மாட்டி, காத்தழுத்தத்தால தொண்டையைத் திறந்தே வச்சிருக்கற கருவி. 1981ல சிட்னியில காலின் சல்லிவன் குழு உலகத்துக்குக் காட்டினது. அது நுரையீரல் கட்டியைத் தடுக்கும்னு சொல்ற அளவுக்குப் பரிசோதனை எதுவும் கையில இல்லை. அதை மூடி மறைக்க மாட்டேன். இன்னும் ஒரு படி மேல போய் எதிர்க்கட்சிக்கு நானே ஆயுதம் எடுத்துக் குடுக்கறேன்: 2016ல வந்த 'சேவ்' பரிசோதனை. ஏற்கனவே இதய, மூளை ரத்தநாளப் பிரச்சனை உள்ள, ஆப்னியாவும் உள்ள 2,717 பேர். சிபாப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணக் கணக்குல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனா ஒண்ணு, மெஷின் குடுத்தவங்க அதைச் சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டினாங்க. பாதி ராத்திரி கூட இல்லை.

சரி, அப்ப எதுக்குக் கண்டுபிடிக்கணும்? இங்கதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கு. ஆப்னியா வைத்தியத்தைக் கட்டியைத் தடுக்கற மருந்தா மட்டும் பார்க்காதீங்க. *ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற ஒரு ஆளுக்கு* ஆப்னியா இருந்தா என்ன ஆகும்னு பாருங்க.

இந்த மாத்திரையோட பெரிய பயம் ரத்தக்கசிவு, அதுலயும் மூளைக்குள்ள. மூளையில ரத்தம் கசிய முக்கியமான காரணம் அடங்காத ரத்தக்கொதிப்பு. ரெண்டு மூணு மாத்திரை போட்டும் பி.பி. இறங்கலைன்னா டாக்டர்கள் தேட வேண்டிய காரணங்கள்ல முன்வரிசையில நிக்கறது ஸ்லீப் ஆப்னியா. ஆக ஒரு பக்கம் ரத்தத்தை இளக்கி விட்டுட்டு, இன்னொரு பக்கம் ராத்திரி பூரா பி.பி.யை ஏத்திவிடற வியாதியைக் கண்டுக்காம விடறோம்.

அடுத்தது சாலை. வைத்தியம் பார்க்காத ஆப்னியா உள்ளவங்க வண்டி ஓட்டும்போது கண்ணசந்து விபத்துல மாட்டற அபாயம் அதிகம்ங்கறது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். ரத்தம் உறையாத மாத்திரை போட்டுக்கிட்டு ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல பைக்குல போறார்னு வைங்க. மத்தவங்களுக்குத் தலையில புடைப்போட போற அடி இவருக்கு உயிரையே வாங்கிடும். லாரி டிரைவரா இருந்தா எதிர்ல வர்றவங்க கதி?

மூணாவது, வலது பக்க இதயம். நுரையீரல் தமனி அடைச்சா அதை எதிர்த்துப் பம்பு பண்ற வலது கீழறைக்குப் பளு ஏறும். ஆப்னியாவுல ராத்திரி ஆக்சிஜன் இறங்கும்போதெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதே அறைக்கு மறுபடி பளு. பகல்ல கட்டி, ராத்திரி மூச்சடைப்பு. ஒரே மாட்டுக்கு ரெண்டு வண்டி.

இந்த மூணுக்கும் 'கட்டி திரும்ப வருமா'ங்கற கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. சிபாப்பால பகல் தூக்கம் குறையுது, பி.பி. கொஞ்சமாவது இறங்குதுங்கறதுக்கு நல்ல பரிசோதனைகள் இருக்கு. அது போதாதா?

மூணு: "அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவே ஆப்னியாவைச் சலிச்சுத் தேடச் சொல்லலையே!"

ஆமாம். 2017லயும் மறுபடி 2022லயும் "சான்று போதாது"ன்னுதான் எழுதினாங்க. யாரைப் பத்தி எழுதினாங்கன்னு படிச்சீங்களா? அறிகுறி ஏதும் இல்லாத, அல்லது இருந்தும் உணராத பொதுஜனத்தைப் பத்தி. தெருவுல போறவரைக் கூப்பிட்டு மூக்குல குழாய் மாட்டணுமாங்கறது அந்தக் கேள்வி. ஐ.சி.யூ.வுல ஆக்சிஜனோட படுத்திருந்து பிழைச்சு வந்தவரைப் பத்தினது என் கேள்வி. 'போதாது'ங்கறதும் 'வேண்டாம்'ங்கறதும் ஒண்ணு இல்லைன்னு அந்தக் குழுவே சொல்லும்.

நாலு: "இதெல்லாம் மெஷின் விக்கறவன் கிளப்பி விடறது."

இந்த வாதம் சொல்றவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஏன்னா பயம் நியாயமானது. டெஸ்ட் பண்றவரே மெஷினையும் விக்கறது, கடைசிக்கு எல்லாரும் ஏதோ ஒரு மெஷினோட வீட்டுக்குப் போறதுன்னு நடந்தா இது இன்னொரு கொள்ளை ஆயிடும். அதனாலதான் என் கோரிக்கையை அளந்து வைக்கறேன். நான் கேக்கறது கேள்வி. மெஷின் இல்லை.

என்ன கேக்கணும்?

2008ல டொரான்டோவுல ஃபிரான்சஸ் சங்ங்கற மயக்கவியல் டாக்டரும் அவங்க குழுவும் 'ஸ்டாப்-பேங்'னு எட்டுக் கேள்வி தயார் பண்ணினாங்க. ஆமா இல்லைன்னு பதில் சொன்னா போதும்:

1. மூடின கதவைத் தாண்டிக் கேக்கற அளவுக்குச் சத்தமா குறட்டை விடுவீங்களா?
2. பகல்ல அடிக்கடி சோர்வா, தூக்கக் கலக்கமா இருக்கா?
3. தூக்கத்துல மூச்சு நிக்கறதை யாராவது பார்த்திருக்காங்களா?
4. ரத்தக்கொதிப்பு இருக்கா, அதுக்கு மாத்திரை உண்டா?
5. பி.எம்.ஐ. 35க்கு மேலயா?
6. வயசு 50க்கு மேலயா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலயா?
8. ஆணா?

ரெண்டு வரைக்கும் ஆமான்னா ஆபத்து குறைவு. மூணு, நாலுன்னா நடுத்தரம். அஞ்சும் அதுக்கு மேலயும் அதிகம். கேட்டு முடிக்க ரெண்டு நிமிஷம். தேவை ஒரு இன்ச் டேப். தையக்காரர்கிட்ட கூட இருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தக் கேள்விகள் ஆபரேஷனுக்கு முன்னாடி கேக்கறதுக்காக உருவானவை. முட்டி மாத்தற ஆபரேஷனுக்குப் போனா மயக்க மருந்து டாக்டர் குறட்டையைப் பத்திக் கேப்பார், ஏன்னா டேபிள்ல மூச்சு நின்னா பொறுப்பு அவருது. மூச்சுத் திணறியே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கிட்ட கேக்க ஆள் இல்லை!

ஆனா இந்த எட்டையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க. பி.எம்.ஐ. 35ங்கறது 165 செ.மீ. உயரமானவர் 95 கிலோவைத் தாண்டறது. நம்ம ஊர் டாக்டர்கள் 2009லயே இந்தியர்களுக்கு 25லயே உடற்பருமன்னு கோடு போட்டுட்டாங்க, அதே உயரத்துக்கு 68 கிலோ. எடை சாதாரணமா இருந்தும் சின்னத் தாடை, ஒடுங்கின தொண்டை உள்ளவங்களுக்கு ஆப்னியா வரும். பெண்களுக்கு எட்டாவது கேள்வியில மார்க் கிடையாது. கழுத்தும் பெரும்பாலும் சின்னது. அவங்க "தூக்கம் வரலை, தலைவலி, அசதி"ன்னுதான் சொல்லுவாங்க. அதை "டென்ஷன்மா, விட்டமின் சாப்பிடுங்க"ன்னு அனுப்பற பழக்கம் வேற இருக்கு. மாதவிடாய் நின்னப்புறம் பெண்களுக்கும் ஆபத்து ஏறும். ஆகவே மார்க் குறைவா வந்தா "இல்லை"ன்னு முடிவு கட்டக் கூடாது. வீட்டுல இருக்கறவங்க சொல்றதையும் கேக்கணும்.

நான் கேக்கறது இவ்வளவுதான்:

ஒண்ணு, டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரி. 'தூக்க மூச்சடைப்பு பற்றி விசாரிக்கப்பட்டது: ஆம் / இல்லை'. அவ்ளோதான். கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதணும். எழுத வேண்டியிருந்தாலே கேக்க ஆரம்பிச்சுடுவாங்க.

ரெண்டு, கட்டி வந்த முதல் வாரத்துலயே தூக்கப் பரிசோதனை வேண்டாம். இதயம் திணறிக்கிட்டிருக்கு, ஆக்சிஜன் ஓடிக்கிட்டிருக்கு, ஆள் மல்லாந்து படுத்த படுக்கை. கிடைக்கற கணக்கு தப்பா இருக்கலாம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தோட 2019 வழிகாட்டுதல்படி நுரையீரல் கட்டி வந்தவரை எப்படியும் 3 முதல் 6 மாசத்துல திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கணும். மூச்சு வாங்கறது போயிடுச்சா, நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கான்னு பார்க்கற அந்த நாள்தான் இதுக்கும் நாள். மாத்திரையை நிறுத்தலாமா தொடரலாமான்னு பேசறதும் அப்பதான். சந்தேகம் பலமா இருந்தா வீட்டுலயே ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்கற சின்னக் கருவி இருக்கு. அந்த முதல் சி.டி.க்குக் கண்ணை மூடிக்கிட்டுப் பணம் கட்டினோமே!

மூணு, டெஸ்ட் பண்றவரும் மெஷின் விக்கறவரும் ஒருத்தராவே இருக்கக் கூடாது.

நாலு, ஆப்னியா இருக்குன்னு தெரிஞ்சதும் "மெஷினே போதும், மாத்திரை வேண்டாம்"னு யாரும் கிளம்பக் கூடாது. இன்னிக்கு இருக்கற சான்றுப்படி கட்டிக்கு வைத்தியம் மாத்திரைதான். தூக்கத்துக்கு வைத்தியம் தனி: எடை, ஒருக்களிச்சுப் படுக்கறது, குடியைக் குறைக்கறது, தேவைப்பட்டா மெஷின்.

கடைசியா, பதிவர்களுக்கு

2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தப்போ, அவருக்கு வைத்தியம் பார்த்தவங்க ஸ்லீப் ஆப்னியாவைக் காரணமாச் சொன்னாங்க. ஒரு வாரம் எல்லா டி.வி.யிலயும் "குறட்டை ஆபத்தா?"ன்னு நிபுணர்களை உக்கார வச்சுப் பேசினாங்க. அடுத்த வாரம் மறுபடி குறட்டை காமெடி. 2023ல எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நாட்டுல சுமார் 10 கோடி பேருக்கு இது இருக்கலாம்னு மதிப்பிட்டாங்க. அதுல முக்கால்வாசிப் பேரு "ஐயய்யோ, நானெல்லாம் குறட்டையே விடமாட்டேன்"னுதான் சொல்லுவாங்க :-) தூங்கறவனுக்கு எப்படிங்க தெரியும்?

அதனால டாக்டர்களைத் திட்டறதோட நிறுத்தக் கூடாது. இந்த வியாதியில நோயாளி சாட்சி இல்லை, பக்கத்துல படுக்கறவங்கதான் சாட்சி. நம்ம குடும்பங்கள்ல அந்தச் சாட்சி பெரும்பாலும் ஒரு பொம்பளை. அவங்களுக்கு டாக்டர் முன்னாடி பேச இடம் கிடைக்கறதில்லை. பேசினாலும் "நீ சும்மா இரு"ன்னு அடக்கறது முதல்ல நாமதான், டாக்டர் அப்புறம்தான். சித்தி மாதிரி தயங்கிச் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால சொல்லிக் குடுங்க. "குறட்டை விடறார்"னு சொல்லச் சொல்லாதீங்க. "மூச்சு நிக்குது, இத்தனை விநாடி நிக்குது, ராத்திரியில இத்தனை தடவை"ன்னு சொல்லச் சொல்லுங்க. செல்போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லுங்க. படமா பார்த்துட்டு அடுத்த பெட்டுக்கு நகர்றது கொஞ்சம் கஷ்டம்.

உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ யாருக்காவது நுரையீரல்லயோ கால்லயோ ரத்தக்கட்டி வந்து மாத்திரை ஓடிக்கிட்டிருந்தா, மேல இருக்கற எட்டுக் கேள்வியை ஒரு தாள்ல எழுதி, பதிலையும் எழுதி, அடுத்த செக்கப்புக்கு ஃபைலோட முதல் பக்கமா வச்சுக் குடுங்க. படிக்காம புரட்ட முடியாத இடத்துல வைங்க.

மருத்துவப் பதிவர்கள் யாராவது பின்னூட்டத்துல சண்டைக்கு வந்தா சந்தோஷமா வரவேற்கறேன். "ஆய்வு ஆதாரம் பத்தாது"ன்னு மட்டும் ஒத்தை வரி போட்டுட்டு ஓடிடாதீங்க, அதுக்கு மேலயே நாலு பத்தி எழுதியிருக்கேன். "எங்க வார்டுல கேக்க ஆரம்பிச்சுட்டோம்"னு ஒருத்தர் எழுதினா, அந்தப் பின்னூட்டத்தைத் தனிப் பதிவாவே போட்டுடறேன்.